குழிக்குள் இறங்க 250 டாலர்

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் கணக்கு வேலை பார்க்கும் என் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவான். மழை உண்டா, சீட்டு எடுத்தாச்சா, மாமாவுக்கு பிரஷர் எப்படி என்று மூன்று கேள்வி கேட்பான். பதிலைக் காதில் வாங்க மாட்டான். அடுத்த ஞாயிறு அதே மூன்றையும் கேட்பான். போன தை மாதம் நாலாவதாக ஒன்று சேர்ந்தது.

"அக்கா, எல்லாரும் ஒரு பத்து நாள் கிளம்பி வாங்களேன். பாதி நாள் செரங்கெட்டி, சிங்கம், யானை. பாதி நாள் சான்சிபார், கடலுக்குள்ள ஸ்கூபா. அங்க ஆகுற செலவு என்னோடது. டிக்கெட் மட்டும் பாத்துக்கோங்க."

என் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். எங்கள் வீட்டில் ஒரு விஷயம் முக்கியமானது என்பதற்கு அதைவிடப் பெரிய அறிகுறி கிடையாது. எட்டாம் வகுப்புப் பையன் "ஸ்கூபா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றான். ஒன்பது வயசுப் பெண் தன் தோழிக்கு உடனே போன் போட வேண்டும் என்றாள். என் மாமியாரான அத்தை மட்டும் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"நான் வரலப்பா. சிங்கத்தத்தான் வண்டலூர்ல பாத்தாச்சே. முதுவ காட்டிக்கினு தூங்குது. தூங்குற சிங்கத்துக்கா ஏரோப்ளேன் ஏறுவாங்க?"

எங்கள் ஊரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி பாலுசெட்டிச் சத்திரத்தில் இறங்கினால் பக்கத்திலேயே திருப்புட்குழி. புள் என்றால் பறவை. அந்தப் பறவை ஜடாயு. ராவணனோடு சண்டை போட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் இங்கேதான் குழி வெட்டிக் காரியம் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. புள்ளம்பூதங்குடிக்காரர்களும் வைத்தீஸ்வரன் கோயில்காரர்களும் தங்கள் ஊரில்தான் என்பார்கள். அத்தை அதைப் பெரிதுபடுத்த மாட்டார். "நல்லவங்களுக்கு நாலு ஊர்ல காரியம் பண்ணுவாங்க" என்று முடித்துவிடுவார். விஜயராகவப் பெருமாள் கோயில், எதிரே ஜடாயு தீர்த்தம். திருமங்கையாழ்வார் பாடிய தலம். ராமானுஜர் சிறு வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான். குருவுக்கும் சீடருக்கும் அப்போது ஒத்துப்போகவில்லை என்பதை டீச்சரான நான் வகுப்பில் சொல்வதில்லை.

தாயார் மரகதவல்லிக்கு இன்னொரு பெயர், வறுத்த பயறு முளைத்த தாயார். குழந்தை வேண்டி வருகிற பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிகாலையில் முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும். என் மடியில் முளைத்த பயறுதான் எட்டாம் வகுப்புப் படிக்கிறான் என்று அத்தை ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அன்று ராத்திரியே எண்பது பக்க நோட்டு ஒன்று எடுத்தேன். நான் கணக்கு டீச்சர். எதையும் நோட்டில் போட்டால் விடை வந்துவிடும் என்று நம்புகிற ஜாதி. முதல் பக்கத்தில் "எப்போது?" என்று எழுதினேன். அந்தப் பக்கம் தாண்டவே இரண்டு வாரம் ஆயிற்று.

எங்களுக்குப் பெரிய விடுமுறை ஏப்ரலும் மேயும். கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழை. சுவாஹிலியில் மசிகா என்கிறார்கள். ஜீப் சேற்றில் மாட்டும், கடல் கலங்கும், காட்டில் பல முகாம்களைப் பூட்டியே விடுவார்கள். இங்கே நாம் ஒரு குடம் தண்ணீருக்கு லாரியைத் துரத்துகிற மாதத்தில் அங்கே தண்ணீர் அதிகம் என்று கடையைச் சாத்துகிறார்கள். ஜூனில் அங்கே மழை விடும், இங்கே பள்ளிக்கூடம் திறக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட் மாடுகள் வடக்கே நடந்து போய், முதலைகள் வாய் பிளந்து கிடக்கும் மாரா ஆற்றைத் தாண்டுவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. அதே சமயத்தில் என் பையன் காலாண்டுத் தேர்வைத் தாண்டுவான். பிப்ரவரியில் அந்த மாடுகள் தெற்கே கூட்டம் கூட்டமாகக் கன்று போடும். கண்கொள்ளாக் காட்சியாம். ஆனால் பிப்ரவரியில் லீவு கேட்டு ஹெட்மாஸ்டர் முன் நிற்பதைவிட அந்த முதலைகள் முன் நிற்கலாம்.

ஆகக்கூடி மிஞ்சியது காலாண்டு விடுமுறை. அது புரட்டாசியில் வருகிறது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை தளிகை உண்டு. "நான் வரல"தான் அத்தையின் நிலை என்றாலும், வராத பயணத்துக்கும் அவர் நிபந்தனை போடத் தவறவில்லை.

அடுத்த பக்கம் ஊசி. கிழக்கு ஆப்பிரிக்கப் பக்கம் போய்த் திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று நம் விமான நிலையத்தில் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே அடைத்து வைப்பார்கள். அந்த நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் அதைப் பரப்புகிற கொசு, நமக்கு டெங்கு கொடுக்கிற அதே ஏடிஸ், தெருவுக்குத் தெரு இருக்கிறது. யாராவது ஒருவர் வைரஸை மட்டும் கொண்டுவந்து இறக்கினால் போதும், மற்றதை நம் கொசு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கெடுபிடி. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் போட வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தடுப்பு மருந்தைக் கோழிமுட்டைக் கருவில்தான் வளர்க்கிறார்கள்.

இந்தக் கடைசி வரியை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது.

"ஊசிக்குள்ள முட்டையா? புரட்டாசியிலயா?"

"ஆவணியிலயே போட்டுக்கலாம் அத்தை. பத்து நாள் முன்னாடி போட்டா போதும்."

"உள்ள போனது புரட்டாசியிலயும் உள்ளதானே இருக்கும்?"

"அது ஆயுசுக்கும் இருக்கும் ஆயா, ஒருதடவை போட்டா போதுமாம்" என்று பெண் உதவிக்கு வந்தாள்.

"ஆயுசுக்கும் முட்டையா!" என்று அத்தை எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது சிக்கல், காடு முன்னாலா கடல் முன்னாலா. தம்பிக்கே இது தெரியவில்லை. கடலுக்கடியில் பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் நாம் இழுக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து உட்காரும். மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறும். முக்குளித்த கையோடு விமானத்தில் ஏறினால், மேலே அழுத்தம் குறைகிற வேகத்தில் அது குமிழி குமிழியாகக் கிளம்பும். கோலி சோடாவைக் கட்டைவிரலால் அமுக்கி உடைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டில் நாம்தான். அதனால் ஒரே ஒரு தடவை இறங்கினால் 12 மணி நேரம், பல நாள் இறங்கினால் 18 மணி நேரமாவது, பத்திரமாக இருக்க நினைப்பவர்கள் ஒரு முழு நாள், பறக்கக் கூடாது. மலையும் ஏறக் கூடாது. நாங்கள் போக வேண்டிய கொரொங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர். அதாவது ஊட்டி. கடலில் முங்கிவிட்டு நேரே ஊட்டிக்குப் போகிற கதை.

சரி, காடு முன்னால் என்று வைத்தால், அங்கே செரங்கெட்டியின் புழுதி. என் வீட்டுக்காரருக்குக் களத்தில் நெல் தூற்றினாலே மூன்று நாள் தும்மல். மூக்கடைப்போடு கடலில் இறங்கினால் காது அடைத்து, இறங்க இறங்கச் செவிப்பறையைத் துளைப்பது போல் வலிக்கும். ஜலதோஷக்காரர்களைப் படகை விட்டே இறக்க மாட்டார்கள். அவர் கடல் முன்னால் என்றார், நான் காடு முன்னால் என்றேன்.

பஞ்சாயத்துக்கு உத்திரமேரூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். வந்தவர் சொன்ன யோசனை, குடவோலை. அந்த ஊர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் அதுதான். பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தேர்தல் விதியையே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். நாத்தனார் பித்தளைச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தார். நான் டீச்சர் புத்தியில் தகுதி விதிகளையும் பார்த்துவிடலாம் என்றேன். 35 வயதுக்குக் கீழே, 70க்கு மேலே கூடாது. அத்தைக்கு 71, அடிபட்டார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. என் வீட்டுக்காரர் போன ஆடியில் தெருவில் கூழ் ஊற்ற வசூலித்த பணத்துக்கு இன்னும் கணக்குக் காட்டவில்லை. அப்படிப்பட்டவரின் உறவினர்களும் கூடாது. அந்த விதியில் நான், பிள்ளைகள், நாத்தனார், தார் எஸ் சலாம் தம்பி வரை ஒட்டுமொத்தமாக அடிபட்டோம். சொம்பில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு நாத்தனார் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார். நோட்டில் "காடு முன்னால்" என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன். மாஸ்க் வாங்க வேண்டியது என்று பக்கத்தில் குறிப்பு.

செலவுப் பக்கத்தை முழுதாகக் காட்டினால் படிக்கிறவர்களுக்கும் பிரஷர் வரும். மூன்று வரி மட்டும். விசா தலைக்கு 50 டாலர். சான்சிபாருக்குள் கால் வைக்க 2024 அக்டோபரிலிருந்து அவர்கள் ஊர் இன்சூரன்ஸ் கட்டாயம், 44 டாலர். இருபது வருடமாகக் காஞ்சிபுரம் சுற்று வட்டாரத்தில் ஒருவர் விடாமல் பாலிசி பிடித்த என் வீட்டுக்காரர் அன்று வாசல் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தன்னிடம் ஒருவன் கேள்வி கேட்காமல் பாலிசி விற்றுவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது வரி இதுதான். கொரொங்கோரோ என்பது எரிமலை வாய் இடிந்து உள்ளே விழுந்து உண்டான பள்ளம். 600 மீட்டர் ஆழம், அடித்தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உள்ளே. ஆளுக்குத் தனிக் கட்டணம். அது போக ஒரு வண்டி கீழே இறங்க 250 டாலர், வரி தனி. இதை நான் படித்ததும் அத்தை உள்ளேயிருந்தே கேட்டார்.

"இன்னாத்துக்கு அவ்ளோ ரூவா?"

"ஒரு பெரிய குழி அத்தை. அதுக்குள்ள வண்டி இறங்கறதுக்கு."

"நம்ம ஊரே குழிதான். யாராவது பத்து பைசா குடுத்தானா?"

ஸ்கூபா கற்றுத்தரும் இடம் ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் போன் போட்டார். எடுத்த பையன் மளமளவென்று கேட்டான்: ஆஸ்துமா இருக்கா, காதில் ஆபரேஷன் ஆனதா, பிரஷர் இருக்கா? "கடலுக்கே இருக்குன்றீங்க, எனக்கு இருக்கக் கூடாதா?" என்றார் இவர். டாக்டர் கையெழுத்தோடு வரச் சொன்னான். பெண்ணுக்கு வயசு ஒன்பது. முறையான படிப்புக்குப் பத்து நிரம்ப வேண்டும். எட்டிலிருந்து பத்துக்குள் இருப்பவர்களுக்கு நீச்சல் குளத்தில் குமிழி விடும் பயிற்சி உண்டு, அதிகபட்சம் இரண்டு மீட்டர் ஆழம். பெண் உதட்டைப் பிதுக்கினாள். "நம்ம கெணத்துல ரெண்டாவது படியே அதவிட ஆழம்."

உண்மைதான். எங்கள் வயல் கிணற்றில் தண்ணீர் நன்றாக நிற்கிற காலத்தில் முப்பது அடி இருக்கும். என் காலத்தில் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார்கள். என் பிள்ளைகளுக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு. முப்பது அடி என்றால் ஏறக்குறைய ஒன்பது மீட்டர். அடியில் அழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிலிண்டருக்குச் செலவழிக்கும் முன்னால் காது எப்படி என்று இங்கேயே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கினோம்.

பையன் மேட்டிலிருந்து குதித்தான். அவர் படியில் ஒவ்வொரு காலாக வைத்து, ஒவ்வொரு படிக்கும் பெருமாள் பேரைச் சொல்லி இறங்கினார். நான் சுடிதாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, படித்து வைத்திருந்தபடி மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதிக்கொண்டே முங்கினேன். இரண்டு ஆள் உயரத்தில் காதில் ஊசி குத்தினாற்போல் வலி. இன்னொரு தடவை ஊதினேன். உள்ளே எங்கேயோ 'டொப்'பென்று ஒரு சின்னக் கதவு திறந்தது, வலி போய்விட்டது. கண்ணைத் திறந்தால் பச்சையாய் ஒரே வெளிச்சம், பாசி பிடித்த கல், அதன் இடுக்கில் ஒரு கெண்டை என்னைப் பார்த்துக்கொண்டு. பிரெஞ்சுக்காரர் கூஸ்தோவும் காக்னானும் சேர்ந்து 1943இல் அக்வாலங் என்ற நீரடி மூச்சுக் கருவியைச் செய்ததற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே நம் மன்னார் வளைகுடாக்காரர்கள் காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரே மூச்சில் முத்தும் சங்கும் அள்ளி வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கெண்டை வரைக்கும்தான் மூச்சு இருந்தது.

மேலே வந்தால் கிணற்று மேட்டில் பக்கத்து வயல் தாத்தா மாட்டுக் கயிற்றோடு நிற்கிறார்.

"இன்னா டீச்சரு, இந்த வயசுல?"

"ஆப்பிரிக்கா போறோம் தாத்தா. கடல்ல முங்கப் பழகறோம்."

அவர் யோசித்தார். "அங்க போயி முங்கணும்னா, இங்க எதுக்கு முங்குற?" என்றவர், என் வீட்டுக்காரர் இன்னும் நாலாவது படியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "அவரு இன்னும் ஏரோப்ளேன்லேருந்தே எறங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெட்டி விஷயம் சீக்கிரம் முடிந்தது. காட்டுக்குள் போகிற சின்ன விமானத்தில் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் சக்கரம் வைக்காத துணிப் பை. இதில் எலுமிச்சை ஊறுகாய் மட்டும் நாலு கிலோ. தான்சானியாவில் 2019 ஜூன் முதல் தேதியிலிருந்து பிளாஸ்டிக் பை கூடாது. விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். நம் அரசு அதே வருடம் ஜனவரியிலேயே தடை போட்டது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் தான்சானியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பைகளை அத்தை பரணில் சேர்த்து வைத்திருந்தார். எடுத்து எண்ணினேன், 62. எந்த மணமக்கள் பேர் போட்ட பையோடு செரங்கெட்டிக்குப் போவது என்பதில் மட்டும் கொஞ்சம் விவாதம் நடந்தது.

இத்தனைக்கும் அத்தை அசையவில்லை. அசைத்தது கழுகு.

ஒரு ராத்திரி பெண் பாயில் படுத்துக்கொண்டு ஆயாவுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தாள். சிங்கம் தின்றுவிட்டுப் போன மிச்சத்தைச் சுற்றி முப்பது நாற்பது கழுகுகள், கழுத்தில் ரோமமில்லாதவை, தோளைத் தூக்கிக்கொண்டு.

"இங்க குடு" என்று அத்தை போனை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, செத்த மாட்டை ஏரிக்கரையில் போட்டால் வானத்தில் முதலில் ஒரு புள்ளி தெரியுமாம். பிறகு இரண்டு. உச்சிப்பொழுதுக்குள் கரை கறுத்துவிடும். மாலைக்குள் எலும்பு மட்டும்.

"அதெல்லாம் எங்க போச்சி?"

இது எனக்குத் தெரியும். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டது. தொண்ணூறுகளில் தொடங்கி, நாடு முழுக்க மளமளவென்று போய்விட்டன. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கொஞ்சம் பிழைத்திருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வந்த இரண்டும் வருவதை நிறுத்திப் பல வருடமாகிறது. ஜடாயுவுக்குத் தீர்த்தமே வைத்திருக்கும் ஊரில் என் பிள்ளைகள் இரண்டும் ஒரு பாறுக் கழுகைக்கூட நேரில் பார்த்ததில்லை. எங்கள் சிவப்பிப் பசுவுக்கும் அந்த ஊசி போட்டிருப்பார்கள். மருந்தின் பேரை யார் கேட்டோம்?

"ஆயா, இந்தக் கழுகுல ஒண்ணு 1973ல ஏரோப்ளேன் மேலயே மோதிச்சாம். பதினோராயிரம் மீட்டர் உயரத்துல. ஆப்பிரிக்காவுலதான்."

"சம்பாதி வகையறாவா இருக்கும்" என்றார் அத்தை. "அவன்தான் உயரம் தெரியாம பறந்து றெக்கைய சுட்டுக்கினான்."

பிறகு அவர் எதுவும் பேசவில்லை. விளக்கை அணைத்த பின்னும் எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி ஜடாயு காட்டில் விழுந்தான், அண்ணன் சம்பாதி கடற்கரையில் கிடந்தான். ஒரே குடும்பம், பாதி காடு, பாதி கடல். என் தம்பி போட்டுக் கொடுத்த திட்டத்துக்கு ராமாயணத்திலேயே முன்மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. அங்கேயும் யார் முன்னால் என்பதில்தான் வம்பு.

மறுநாள் சனிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த அத்தை, கூடத்தில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். தாயாரைக் கேட்டுவிடலாம். ராத்திரி வறுத்த பயறை நனைத்து முடிந்து வைப்பது. முளைத்தால் போவது, முளைக்காவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடுவது. பிள்ளைக்காகக் கேட்கிற வழக்கத்தை ஏரோப்ளேனுக்காகக் கேட்கலாமா என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். "அம்மாகிட்ட கேக்கறதுக்கு ஒனக்கு ரசீது வேணுமா?" என்று அத்தை அடக்கிவிட்டார். வறுத்த பயறு முளைக்காது என்று அறிவியல் டீச்சர் மாதிரி பையன் முணுமுணுத்தான். அவன் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு விடிகாலை நான்தான் முதலில் எழுந்தேன். சமையலறை ஆணியில் வெள்ளைத் துணி முடிச்சு ஈரமாகத் தொங்கியது. அவிழ்த்தேன். ஒன்று விடாமல் வெள்ளை வெளேரென்று கால் அங்குலத்துக்கு முளை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்புறம் காபிக்குப் பால் வைக்கும்போது கண்ணில் பட்டது. வறுத்த பயறு போட்டு வைத்த எவர்சில்வர் டப்பா, நான் போன வாரம் மூடி மேல் மாட்டிய ரப்பர் பேண்டோடு, இருந்த இடத்தில் இருந்தது. பக்கத்தில் பச்சைப் பயறுப் பொட்டலம் வாய் திறந்து கிடந்தது.

திரும்பினால் அத்தை வாசற்படியில் நிற்கிறார். முடிச்சைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, அந்த ஊசி எந்தக் கையில போடுவாங்க?"